நாணலுக்கு நடு இல்லாமல் போன கதை

ஆறுகளுக்கு இன்னும் யாரும் பெயர் வைத்திராத அந்தக் காலத்தில், புல்லுக்கும் பேச்சு இருந்தது. ஆட்டுக்கு இருந்தது, குருவிக்கு இருந்தது, புல்லுக்கு மட்டும் இல்லாமல் போகுமா? மனிதர்கள் அதை அதிசயமாக நினைக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்வதுபோல, வாசலில் நிற்கும் செடியிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் காலையில் வேலைக்குப் போவார்கள்.

அப்போது அகன்ற ஆறு ஒன்றின் நடுவே ஒரு மணல்திட்டு இருந்தது. ஆறு அந்தத் திட்டில் மோதி இரண்டாகப் பிரியும். அதைத் தாண்டியதும் மறுபடி ஒன்றாகச் சேர்ந்து ஓடும். திட்டில் ஒரே ஒரு வீடு. ஆராயி என்ற பெண்ணும் அவள் புருஷன் சடையனும் அதில் குடியிருந்தார்கள். சடையன் ஓடக்காரன். விடிந்ததும் ஓடத்தைத் தள்ளிக்கொண்டு போனால், இக்கரைக்கும் அக்கரைக்கும் ஆட்களை ஏற்றி இறக்கிவிட்டுப் பொழுது சாயத்தான் வருவான். ஆராயி மணலில் பள்ளம் பறித்து வெள்ளரி போட்டிருந்தாள். ஒரு வெள்ளாடும் வளர்த்தாள்.

பகல் முழுக்க அவளுக்குப் பேச்சுத்துணை திட்டின் தலைமாட்டில் நின்ற நாணல்தான். தலைமாடு என்றால் ஆறு வந்து மோதும் மேல்முனை. உலகத்திலேயே அன்றைக்கு இருந்தது அந்த ஒரு தூர் நாணல்தான் என்று சொல்வார்கள். இன்று நாம் பார்க்கும் நாணலைப் போல அது இல்லை. வருஷம் முழுக்கப் பச்சை, வருஷம் முழுக்கப் பூ. வெயிலில் வெள்ளியாக மின்னும் பூ, நிழல் விழுந்தால் பால்நுரை போலத் தெரியும். இலையோ பட்டு மாதிரி இருக்கும். குழந்தையின் கன்னத்தில் தேய்த்தாலும் சிவக்காது. தண்டுகள் கூட்டமாகக் கிளம்பும் அந்தத் தூரின் நடுவிலிருந்து அதன் குரல் வரும். காலிப் பானைக்குள் வாயை வைத்துப் பேசினால் எப்படி இருக்குமோ, அப்படி ஒரு குரல்.

ஓடத்தில் போகிறவர்கள், "சடையா, கொஞ்சம் ஓரமா விடுப்பா, ஆராயி புல்லப் பாத்துட்டுப் போவோம்" என்பார்கள். 'ஆராயி புல்' என்று அவர்கள் சொல்வது காற்றில் வந்து காதில் விழும்போது அவளுக்கு மனசு குளிர்ந்துவிடும். வெள்ளரிக்காயைப் பறித்து ஓடத்துக்குள் வீசுவாள்.

அந்தப் பெருமைக்கு ஏற்றபடி அவள் புல்லைப் பார்த்துக்கொண்டாள். காலையும் மாலையும் குடம் குடமாகத் தண்ணீர். ஆட்டுப்புழுக்கையும் அடுப்புச் சாம்பலும் கலந்து எரு. சுற்றிலும் முள்வேலி. கூடு கட்ட ஒரு நார் கிழிக்கலாம் என்று சில்லைக் குருவி வந்தால்கூடக் கையை வீசி விரட்டுவாள். வளர்கிற உயிர்மேல் இரும்பு படக்கூடாது என்பது அவள் பிறந்த வீட்டு வழக்கம். ஆகவே ஒரு சருகைக்கூட அறுத்து எடுக்கமாட்டாள்.

வெள்ளாட்டுக்கு இது பொறுக்கவில்லை. வேலிக்கு வெளியே நின்று கத்தும்.

"ஏ ஆத்தா, இது எந்த ஊர் ஞாயம்? நான் போட்டதத் தின்னுட்டுத்தான அது கொழுக்குது? அதுல ஒரு வாய் எனக்குக் கெடையாதா?"

"ஒனக்குத்தான் வெள்ளரிக்கொடி போடுறேனே."

"காய்ச்சு ஓஞ்ச கொடி! அதத் தின்னு தின்னு என் தாடியே மஞ்சளாப் போச்சு."

சடையனும் தன் பங்குக்குக் கேலி செய்வான். சாயங்காலம் ஓடத்தைக் கட்டிவிட்டு வந்து, சட்டியைத் திறந்து பார்த்தபடி, "ஏ புள்ள, இன்னிக்கிக் கொழம்பு இருக்கா, இல்ல அதையும் புல்லுக்கு ஊத்திட்டியா?" என்பான்.

இப்படியே சில வருஷங்கள் போயின. ஒரு கோடையில் புல் தள்ளாட ஆரம்பித்தது. தண்டுகள் அண்ணாந்து பார்க்கும் உயரத்துக்கு வளர்ந்து, தலைப் பாரம் தாங்காமல் நாலு பக்கமும் சாய்ந்தன. பூக்கள் மண்ணில் புரண்டன. ஆராயி காய்ந்த மூங்கில் பொறுக்கிவந்து முட்டுக்கொடுத்தாள். அந்த முட்டுகளையும் சேர்த்துச் சாய்த்தது புல்.

"ஆராயி, எனக்கு மூச்சு முட்டுதும்மா" என்றது ஒருநாள்.

"தண்ணி கொண்டாரட்டா?"

"ஐயோ, வேண்டாம். தண்ணியாலதான் இந்தக் கதியே. மேலயே கெடைக்குதுன்னு என் வேரு கீழ எறங்கவே இல்ல. பாய் விரிச்ச மாதிரி மேலாகப் படுத்துக் கெடக்கு."

"அப்ப எரு வெக்கட்டா?"

புல் சிரித்துவிட்டது. "நீ ஒருத்தி! தின்னு கொழுத்துத்தான் நிக்க முடியாமச் சாயுறேன். நான் மணல்ல பொறந்தவ. எனக்கு வெயில் வேணும், காத்து வேணும். மத்ததெல்லாம் நானே தேடிக்குவேன். நீதான் தேட விடல."

ஆராயிக்கு முகம் விழுந்துவிட்டது. அதைப் பார்த்துப் புல் குரலைத் தணித்துக்கொண்டது.

"கோவிச்சுக்காத. நான் சொல்றதக் கேளு. பழைய சருகெல்லாம் உள்ளயே கெடந்து அடைச்சுப்போச்சு. நடுத்தூரு மக்க ஆரம்பிச்சிடுச்சு. ஓரத்துல இருக்குற கன்னுங்க மட்டும் நல்லா இருக்கு. என்னத் தரையோட அறுத்து, தோண்டி எடுத்து, ஓரத்துக் கன்னுகளப் பிரிச்சுக் கரை நெடுக நட்டுடு. நான் இந்தத் திட்டோட தலையப் புடிச்சிட்டு நிக்கிறவ. என் புடி தளருது. இனி வர்ற வெள்ளத்த நான் ஒத்த ஆளாத் தாங்க மாட்டேன்."

"நடுத்தூர என்ன செய்யிறது?"

"அத எடுத்துப் போட்டுடு. அதுல இருந்து இனி ஒன்னும் மொளைக்காது."

ஆராயி சாய்ந்த தண்டு ஒன்றை நிமிர்த்திப் பிடித்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"நடுவுல இருந்துதான நீ பேசுற?"

"ஆமா" என்றது புல்.

"அப்ப, அத எடுத்துட்டா?"

"கன்னுங்களுக்குப் பேச்சு இருக்காது. உசிரு இருக்கும்."

ஆராயி எழுந்து முந்தானையை உதறிக்கொண்டாள். "அதெல்லாம் ஆவாது. போன வெள்ளத்தத் தாங்குன, இந்த வெள்ளத்தயும் தாங்குவ. சும்மா பயப்படாத" என்றாள். ஆற்றோரம் போய்க் கூடை கூடையாக வண்டல் அள்ளிவந்து தூரைச் சுற்றி மேடாக அணைத்துவிட்டாள். புல் வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தது. அவள் காதில் வாங்கவில்லை. புல்லின் கழுத்துவரை ஈரமண் ஏறிவிட்டால் உள்ளே இருக்கிற அழுகல் இன்னும் வேகமாகப் பரவும் என்பது அவளுக்குத் தெரியாது.

ஐப்பசியில் மேற்கே வானம் கறுத்தது. ஆறு செந்நிறமாகி, மரங்களைப் புரட்டிக்கொண்டு வந்தது. ஆராயியும் சடையனும் ஆட்டைத் தூக்கி ஓடத்தில் போட்டுக்கொண்டு, ஓடத்தை வீட்டுத் தூணோடு கட்டி, அதற்குள்ளேயே உட்கார்ந்திருந்தார்கள். தலைமாட்டில் மண் இடிந்து விழும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு சத்தத்துக்கும் ஆராயி எழுந்து நிற்பாள். சடையன் அவள் கையைப் பிடித்து உட்கார வைப்பான்.

வெள்ளம் வடிந்தபோது வெள்ளரிக்கொல்லை இருந்த இடத்தில் ஆறு ஓடியது. வீட்டு வாசலிலிருந்து எட்டிக் குதித்தால் தண்ணீர். நாணல் தூரின் பாதி, அறுந்த கரையில் அந்தரத்தில் தொங்கியது. வேர்கள் வெளியே தெரிந்தன. புல் சொன்னதுபோலவே அவை கீழே போகாமல் பாய் போலப் படர்ந்திருந்தன.

சடையன் இடுப்பில் கைவைத்துப் பார்த்தான். "இன்னொரு வெள்ளம் வந்தா நான் வீட்டுக்குள்ளதான் ஓடம் விடணும்" என்றான். சிரிப்புக்குச் சொன்ன மாதிரி இருந்தாலும் அவன் சிரிக்கவில்லை. "அக்கரையில எடம் பாக்குறேன் புள்ள. இது இனி நெலைக்காது."

ஆராயி புல்லிடம் போனாள். திட்டை விட்டுப் போனால் புல்லும் போய்விடும். திட்டிலேயே இருந்தாலும் போய்விடும். யோசிக்க அதற்குமேல் ஒன்றும் இல்லை.

"அறுத்துடுறேன்" என்றாள்.

"இப்ப வேண்டாம்" என்றது புல். குரல் மங்கிவிட்டிருந்தது. "பனி கழியட்டும். மாசியில வெயில் ஏறும் பாரு, அப்ப. புதுக் குருத்து கண்ணு தொறக்குறதுக்கு முன்னாடி அறுத்திடணும். குருத்து வந்தப்பறம் அறுத்தா அதோட தலையும் சேந்து போயிடும்."

மார்கழியும் தையும் அவர்கள் இரண்டு பேருக்கும் கிடைத்தன. ஆராயி அடுப்பு வேலையை முடித்துவிட்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்வாள். பெரிய விஷயம் எதையும் அவர்கள் பேசவில்லை. சடையன் ஓடத்துக்குப் பூசும் புன்னை எண்ணெயின் நாற்றத்தைப் பற்றிப் பேசினார்கள். ஆடு சினையாக இருக்கிறதா அல்லது தின்று ஊதியிருக்கிறதா என்று பேசினார்கள். அக்கரையில் ஒரு கல்யாண மேளம் கேட்டபோது, அது யார் வீடாக இருக்கும் என்று ஆளுக்கு ஒன்றைச் சொன்னார்கள். கடைசி வார்த்தை என்று எதையும் எடுத்துவைத்துப் பேச ஆராயிக்குத் தெரியவில்லை. புல்லும் அதைக் கேட்கவில்லை.

மாசி பிறந்து வெயில் ஏறியது. காலையில் சடையன் ஓடத்தை எடுக்கவில்லை. வெட்டரிவாளைத் தீட்டிக்கொண்டு வந்து நின்றான்.

"தள்ளிக்க புள்ள. ரெண்டே வீச்சு."

"வேண்டாம் மாமா. நீங்க வெட்டுனா அதுக்கு வலிக்கும். நான் பாத்துக்குறேன்."

அவள் எடுத்து வந்தது கருக்கரிவாள். கதிர் அறுக்கிற அரிவாள் அது. வாய் நெடுக ரம்பம்போலப் பொடிப்பொடியாகப் பல் இருக்கும். நெல்தாளை ஒரு கையால் கொத்தாகப் பிடித்து, மறுகையால் சரக்கென்று ஒரே இழுப்பாக இழுத்தால் அறுந்துவிடும். முற்றிக் காய்ந்த கதிரை அறுத்து ஆராயிக்கு அது பழகிய கருவிதான். ஆனால் அன்றைக்கு அவளால் ஒரே இழுப்பாக இழுக்க முடியவில்லை. ஒவ்வொரு தாளையும் தனியாக எடுத்து, அரிவாளை வைத்து, மெள்ள மெள்ள அராவினாள். அராவிவிட்டு, "வலிக்குதா?" என்று கேட்டாள். மறுபடி அராவினாள். மறுபடி கேட்டாள்.

"ஆராயி, வெரசா அறு."

"வலிக்குதா?"

"அறுக்குறது வலிக்கல. நீ நிறுத்தி நிறுத்திக் கேக்குறதுதான் வலிக்குது."

அப்படியும் அவளுக்குக் கை ஓடவில்லை. அரிவாளின் பல் ஒவ்வொன்றும் இலையின் ஓரத்தைக் கவ்விக் கவ்வி விட்டது. இலை இலையாக, தண்டு தண்டாக, அந்தப் பல்லின் கடி அடிக்குருத்துவரை இறங்கியது. அது யாருக்கும் அப்போது தெரியவில்லை.

வெயில் உச்சிக்கு வந்தபோது ஒரு சாண் உயரத்துக்குத் தாள்கட்டை மட்டும் நின்றது. சடையன் கடப்பாரையால் சுற்றிலும் நெம்பிக் கொடுத்தான். தூர் மண்ணோடு புரண்டது. நடுப்பாகம் கறுத்து, இற்றுப்போன கயிற்றைப்போல உதிர்ந்தது. ஓரத்தில் வட்டமாக, வெளுத்த முனைகளோடு கன்றுகள்.

"நல்லா இருக்கு பாரு" என்றது நாணல். காது வைத்துக் கேட்டால்தான் கேட்டது. "கைப்பிடி கைப்பிடியாப் பிரி. ஆழமாப் பொதைச்சிடாத. இங்க எந்த மட்டத்துல இருந்துச்சோ அங்கயும் அந்த மட்டம். சுத்திக் காலால மிதிச்சு விடு, காத்து உள்ள நிக்கக்கூடாது. நெருக்கி நடாத, ஒரு ஆள் புகுந்து போற எடம் விடு. வேர் புடிக்கிறவரைக்கும் தண்ணி ஊத்து."

"அப்பறம்?"

"அப்பறம் மறந்துடு."

"எப்படி மறக்குறது?" என்று கேட்டாள் ஆராயி.

அதற்குப் பதில் வரவில்லை. அவள் கையில் இருந்த கடைசிக் கன்று நடுத்தூரை விட்டுப் பிரிந்திருந்தது.

சடையன் குழி பறித்துக்கொண்டே போனான். அவள் நட்டுக்கொண்டே போனாள். தலைமாட்டில் தொடங்கி இரண்டு பக்கக் கரையிலும் வரிசையாக நட்டு முடித்தார்கள். தினமும் அவள் தண்ணீர் ஊற்றினாள். ஊற்றும்போது பழக்கத்தில் ஏதாவது சொல்லிவிடுவாள். பிறகு நாக்கைக் கடித்துக்கொள்வாள்.

பங்குனியில் ஒவ்வொரு கன்றிலும் குருத்து விட்டது. அப்போதுதான் அவளுக்கு ஒரு பயம் வந்தது. ஒரு தூருக்கு முள்வேலி போட முடிந்தது, கரை முழுக்கப் போட முள்ளுக்கு எங்கே போவது? ஆட்டை இரண்டு கயிறு போட்டுக் கட்டினாள்.

ஆட்டுக்கு இரண்டு கயிறும் ஒன்றுதான். ஒரு மதியம் அவள் குடத்தை நிரப்பிக்கொண்டு நிமிர்ந்தபோது, அது கயிற்றை அறுத்துக்கொண்டு கன்று வரிசையின் நடுவில் நின்றது. குடத்தைப் போட்டுவிட்டு ஓடினாள். இந்தக் குருத்து போனால் இன்னொரு குருத்து வெடிக்கக் கன்றில் தெம்பு இல்லை. வெள்ளத்துக்கு முன்னால் மறுபடி நட வேறு தூரும் இல்லை. உலகத்தில் இருந்ததே அவ்வளவுதான்.

"ஏ மூதேவி! வாய வெக்காத! வாய வெக்காத!"

ஆடு அவளைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே ஒரு வாய் நிறையக் கவ்வி இழுத்தது.

அடுத்த நொடி அது போட்ட கூச்சலில் ஆற்றில் நின்ற கொக்குகள் எல்லாம் பறந்தன.

"ஆத்தா! ஐயோ ஆத்தா! புல்லுக்குப் பல்லு மொளச்சிருக்கு!"

"பொய் சொல்லாத."

"என் நாக்கப் பாரு!"

நாக்கில் ரத்தம் கோடு போட்டிருந்தது. ஆராயி குனிந்து, முன்பெல்லாம் செய்வதுபோல ஒரு இலையை விரலுக்கிடையில் பிடித்து உருவினாள். சுரீர் என்றது. விரலைப் பார்த்தாள். இலையைத் தூக்கி வெயிலில் பிடித்துப் பார்த்தாள். ஓரம் நெடுகப் பொடிப்பொடியாகப் பல். அவள் கருக்கரிவாளின் வாய் அப்படியே இருந்தது.

ஆராயி மணலில் உட்கார்ந்துவிட்டாள்.

சாயங்காலம் சடையன் வந்து விஷயத்தைக் கேட்டுவிட்டு, இலையையும் அவள் விரலையும் மாறி மாறிப் பார்த்தான். "வலிக்காம அறுக்குறேன்னு நீ அறுத்த லட்சணம் இது" என்றான்.

"எம்மேல கோவமா இருக்குமோ மாமா? கேக்கலாம்னா வாயும் இல்லாமப் போச்சு."

சடையன் ஒரு கன்றைப் பிடித்து மெதுவாக அசைத்துப் பார்த்தான். அது அசையவில்லை. "கோவம்னா இப்படி வேர் புடிக்குமா? போ, போய்க் கைக்கு மஞ்சளப் பூசு" என்றான்.

அந்த ஆடு அதற்குப் பிறகு கன்றுகளின் பக்கம் போகவில்லை. அது போய்ச் சொன்னதோ என்னவோ, அக்கரை எருமைகள் நீந்தி வந்தபோதும் இரண்டு கடி கடித்துப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டன. கன்றுகள் வளர்ந்தன. சித்திரை வந்ததும் ஆராயி குடத்தைக் கவிழ்த்து வைத்தாள். மணல் காய்ந்து காலைச் சுட்டது. கன்றுகளின் இலைநுனி பழுத்தது. அவள் கை குடத்துக்குப் போகும், அவளே இழுத்துக்கொள்வாள். மேலே தண்ணீர் இல்லாததால் வேர்கள் அதைத் தேடிக்கொண்டு கீழே, கீழே, ஆற்றின் அடிமணல்வரை போயின. ஆடியில் புதுத்தண்ணீர் வந்தபோது நாணல்கள் இடுப்பு உயரத்துக்கு, எந்த முட்டும் இல்லாமல் நேராக நின்றன.

ஐப்பசி வந்தது. போன வருஷத்தைவிடப் பெரிய வெள்ளம். சடையன் ஓடத்தைத் தூணோடு கட்டினான். தண்ணீர் தலைமாட்டில் மோதியது. நாணல்கள் அத்தனையும் படுத்துக்கொண்டன. அவற்றின் முதுகில் ஏறி ஆறு போயிற்று. மண் இடிகிற சத்தத்துக்காக இரண்டு பேரும் காதைக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பொழுது போய்ப் பொழுது விடிந்தது. அந்தச் சத்தம் வரவில்லை.

தண்ணீர் இறங்கியபோது நாணல்கள் ஒவ்வொன்றாக எழுந்து நின்றன. திட்டு கரையவில்லை. ஆறு கொண்டுவந்த வண்டலைத் தூர்கள் பிடித்துவைத்திருந்ததில் தலைமாடு நாலு அடி நீண்டுகூட இருந்தது. "அக்கரையில எடம் பாத்தீங்களே, என்னாச்சு?" என்று ஆராயி கேட்டாள். "எந்த எடம்?" என்றான் சடையன்.

கார்த்திகையில் எல்லாத் தூர்களும் ஒரே சமயத்தில் பூத்தன. திட்டின் தலை முழுக்க வெள்ளை. அக்கரை ஆட்கள் ஓடத்தில் வந்து இறங்கி, தங்கள் கரைக்கும் ஒரு கன்று வேண்டும் என்று கேட்டார்கள். ஆராயி மறுக்கவில்லை. மாசிவரை பொறுக்கச் சொன்னாள். மாசி வந்ததும் தூரின் ஓரத்தில் கையை விட்டுப் பிரித்துக் கொடுத்தாள். கொடுக்கும்போது, "எரு வெக்காதீங்க, நிழல்ல வெக்காதீங்க, அறுக்குறப்ப யோசிக்காம அறுங்க" என்று மட்டும் சொன்னாள்.

பழைய தூர் நின்ற இடம் வட்டமாக வெறுமையாக இருந்தது. அதில் அவள் ஒன்றும் நடவில்லை. வேலை ஓய்ந்த நேரத்தில் அங்கே போய் உட்காருவாள். ஓடத்துக்கு யார் வந்தார்கள், ஆடு என்ன சொல்லிற்று என்று அன்றன்றைய சங்கதியைச் சொல்லுவாள். காற்று வரும். சுற்றிலும் நிற்கும் நாணல்கள் ஒன்றோடொன்று உரசி, சலசலவென்று நெடுநேரம் எதையோ சொல்லும். ஒரு சொல்லும் பிடிபடாது. அவள் "ம்" கொட்டிக் கேட்டுக்கொண்டிருப்பாள்.

நாணல், மழை முடிந்தபின் வருஷத்துக்கு ஒரு தடவை மட்டும் பூப்பதும், அதன் இலை உருவுகிற கையை அறுப்பதும், தூர் முதிர முதிர நடு வெறுமையாகி ஓரத்தில் மட்டும் உயிர் நிற்பதும், நட நினைக்கிறவர்கள் மாசியில் அறுத்து ஓரத்துக் கன்றையே பிரித்து எடுப்பதும் அன்றைக்குத் தொடங்கியவைதான். ஆற்றோரம் தனியாக நடந்து போகிறவர்கள், காற்றில் நாணல் சலசலக்கும்போது, யாரோ தங்களைக் கூப்பிட்டதுபோல நின்று திரும்பிப் பார்ப்பதும் அன்று முதல்தான்.